முதலில் காலைப் பாருங்கள், பிறகு புடவையைப் பாருங்கள்

பட்டுப் புடவை எடுக்கப் போனால் கடையின் நாலு மாடியும் ஏறி இறங்குகிறோம். மடித்ததைப் பிரித்து, பிரித்ததைத் தோளில் போட்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்து, அரை நாள் ஓடிவிடுகிறது. திரும்பும் வழியில், "அடடா, செருப்பு வார் அறுந்து போச்சே!" என்று ஞாபகம் வரும். பக்கத்துக் கடையில் நுழைந்து பத்தே நிமிஷத்தில் ஒரு ஜோடியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அந்தப் புடவை வருஷத்துக்கு இரண்டு தடவை பீரோவை விட்டு வெளியே வந்தால் அதிகம். செருப்போ தினமும் நம்மைச் சுமக்கிறது.

செருப்புக்காகக் காலைச் செதுக்குவார்களா என்று பெரியவர்கள் கேலியாகக் கேட்பார்கள். நம்மில் பாதிப்பேர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். முனை குறுகிய ஷூவுக்குள் விரல்களை நெருக்கித் திணிக்கிறோம். பிறகு சுண்டுவிரலில் கால் ஆணி, கட்டைவிரல் பக்கத்தில் எலும்பு புடைப்பு, குதிகாலில் கொப்புளம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உண்டு. உடம்பின் 206 எலும்புகளில் இரண்டு பாதங்களில் மட்டும் 52. அதாவது கால்வாசி எலும்பு காலில்தான் இருக்கிறது! அதைப் பத்து நிமிஷத்தில் ஒப்பேற்றலாமா, நீங்களே சொல்லுங்கள்.

செருப்பு வாங்க மாலை நேரமே நல்லது. நாள் முழுக்க நின்று நடந்த கால் சாயங்காலம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் கடிப்பது இதனால்தான். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று, கடைக்குள் நாலு தடவை நடந்து பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அந்தப் பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். கடைக்காரர், "போடப் போட லூஸாயிடும்மா" என்பார். நம்பாதீர்கள். தோல் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். ரெக்ஸின் அதுவும் இளகாது.

நம்பரை மட்டும் நம்பியும் பிரயோஜனமில்லை. நம் கடைகளில் வழங்கும் நம்பர் இங்கிலாந்துக் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். அகலத்தைப் பற்றி அது பேசுவதே இல்லை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தார்கள். நம்மவர்களின் பாதம் பொதுவாக அகலம் கூடியது என்று தெரிய வந்தது. 'என் கால்தான் அசிங்கமாக அகலமாயிருக்கு' என்று இத்தனை நாள் நினைத்திருந்த சகோதரிகள் இனிமேல் நிம்மதியாக இருக்கலாம்!

இப்போது புடவைக்கு வருவோம். ஹீல்ஸ் போடுவதானால் அதை மாட்டிக்கொண்டுதான் புடவை கட்ட வேண்டும். வெறுங்காலில் கட்டிவிட்டுப் பிறகு போட்டால் கணுக்கால் தெரிகிறது. ஹீல்ஸோடு கட்டிவிட்டு மண்டபத்தில் கழற்றினால் கொசுவம் காலுக்கடியில் மாட்டித் தடுக்குகிறது. கல்யாண வீட்டில் மேடை ஏறும்போது கழற்றத்தானே வேண்டும்? அதனால் விசேஷங்களுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம் என்பேன். ஊசி ஹீல் மண்டபத்துப் பளிங்குத் தரையில் வழுக்கும். அகலமான அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள். குதிகால் உயர உயர உடம்பின் பாரம் முழுக்க முன்பாதத்தில் இறங்குகிறது. தினசரி உயர ஹீல்ஸ் போடுகிறவர்களுக்குக் கெண்டைக்கால் சதை நாளடைவில் இறுகிப் போகும். கல் பதித்த வாரும் கொக்கியும் ஜரிகை இழையை இழுத்துவிடும், இதையும் கவனியுங்கள். கைக்குழந்தைக்காரிகள் குனிந்து பக்கிள் மாட்டும்படியான செருப்பு வாங்கவே வேண்டாம்.

தறிப் புடவைக்கும் சுடிதாருக்கும் கோலாப்பூரி கொள்ளை அழகு, ஆனால் மழைக்கு ஆகாது. நனைந்தால் விறைத்து வளைந்துவிடும். கலர் கலராக அடுக்கி வைக்கத் தேவையில்லை. பழுப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று, விசேஷத்துக்குப் பொன்னிறத்தில் ஒன்று இருந்தால் எந்தப் புடவைக்கும் ஈடுகொடுக்கலாம்.

நடைப்பயிற்சிக்கு ஹவாய் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். ஹவாய் கழன்று விழாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் அதைக் கவ்விப் பிடிக்கின்றன, அதனால்தான் வலி. கயிறு கட்டும் ஷூ போடுங்கள். வாங்குமுன் ஷூவை இரண்டு கையாலும் மடித்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அதுவும் மடங்க வேண்டும். நட்டநடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்குப் பின்வார் உள்ள செருப்பு. குளியலறைக்குத் தனி ஜோடி, அதன் அடியில் வரிகள் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். வீட்டில் பழசானதெல்லாம் குளியலறைக்குத்தான் போகிறது, தேய்ந்த செருப்பு உட்பட. ஈரத்தரையில் அதுதான் ஆபத்து.

குழந்தைகள் விஷயம் வேறு. "வளர்ற புள்ளதானே, ரெண்டு நம்பர் பெரிசா எடு" என்பார் என் வீட்டுக்காரர். குதிகால் உள்ளே ஏறி இறங்கிக் கொப்புளம் போடும், பிள்ளை தடுக்கி விழும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அண்ணன் போட்ட ஷூவைத் தம்பிக்கு மாட்டாதீர்கள். அது அண்ணன் காலுக்கேற்றபடி அமுங்கித் தேய்ந்திருக்கும். நடை பழகும் குழந்தைக்கு வீட்டுக்குள் வெறுங்கால்தான் உத்தமம். கீச்கீச் ஷூ நம் ஆசைக்குத்தானே தவிர அதன் காலுக்கு அல்ல. தெரு மண்ணில் இறங்கினால் மட்டும் செருப்பு கட்டாயம். கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகவே உடம்புக்குள் புகும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த மாதங்களில் மூட்டு நார்கள் தளர்வதால் பாதம் விரிந்து கொடுக்கும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அப்படியே நின்றுவிடும். பழைய செருப்பு கடித்தால் காலைக் குறை சொல்லாமல் அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுப் பெரியவர்கள். என் மாமியாருக்குப் பதினேழு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்தபோது இடது காலில் செருப்பே இல்லை. "எங்கே அத்தை விட்டீங்க?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "அட, இருக்குன்னுல்ல நெனச்சேன்!" என்றார். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வலது கால் ஹவாயைக் கழற்றிப் பார்த்தால், அடியில் ஏறிய கருவேல முள் மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது. அவருக்கு வலியே தெரியவில்லை.

டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொட்ட பத்து இடத்தில் ஆறு இடம் தெரியவில்லை. செருப்பு நழுவியது தெரியாமல் போவது, உணர்ச்சி குறைந்ததற்கு ஓர் அறிகுறி என்றார். வலி இல்லாததால் புண் கவனிக்கப்படாமல் ஆழமாகி, காலையே எடுக்கும்படி ஆகிவிடுகிறதாம். நல்லவேளை, முள் குத்திய புண் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது.

அவர் எழுதிக் கொடுத்தது எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். இதற்குப் பின்னால் நம் வேலூர் இருக்கிறது. 1946-ல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குக் காரணம், உணர்ச்சியற்ற பாதத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் காயமுமே என்று எடுத்துக் காட்டினார். அவர்களுக்காகப் பயன்பட்ட மிருதுவான ரப்பர்தான் இன்று சர்க்கரைக்காரர்களுக்கும் கைகொடுக்கிறது.

வாங்கும்போது மேலே மிருதுவும் அடியில் கெட்டியுமாக இரண்டு அடுக்கு இருக்கிறதா, பின்வார் இருக்கிறதா, எங்கேயும் ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். விரலிடுக்கில் வார் போகிற மாதிரி வேண்டாம். பெரியவர்களால் கடைக்கு வர முடியாவிட்டால், காகிதத்தில் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து வெட்டி எடுத்துப் போங்கள். செருப்பின் மேல் வைத்தால் காகிதம் விளிம்பைத் தாண்டக் கூடாது.

என் மாமியாருக்கு அந்தக் கறுப்புச் செருப்பு முதலில் பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரி செருப்பு மாதிரி இருக்கு" என்று ஒரு வாரம் தொடவில்லை. பிறகு மெரூன் கலரில் ஒன்று கிடைத்தது, போட்டுக்கொள்கிறார். கோயிலுக்கு மட்டும் காலை ஏழு மணிக்குள் போய்விடுகிறோம். உச்சி வெயிலில் பிராகாரத்துக் கல் சுடுவது அவர் காலுக்குத் தெரியாது. தினமும் அவர் செருப்பைப் போடுமுன் நான் உள்ளே கையை விட்டுத் தடவி, திருப்பி அடியையும் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். ராத்திரி படுக்குமுன் பாதத்தைப் பார்ப்பது பேத்தியின் வேலை.