நான்கு இந்தியக் கவிதைகள் (இசைப்படைப்பு)

நான்கு இந்தியக் கவிதைகள் என்பது பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாழ் (1879–1961) இயற்றிய அறையிசைப் படைப்பு ஆகும். இதன் பிரெஞ்சுத் தலைப்பு 'காத்ர் போயெம் இந்து'. ஒரு பெண் குரலுக்கும் சிறு கருவிக் குழுவுக்கும் எழுதப்பட்டது. மொரீஸ் ராவெலின் மாணவரான தெலாழ், 1912-இல் இந்தியாவில் பயணம் செய்தபோது இதை உருவாக்கினார்.

அமைப்பு

புல்லாங்குழல்கள், ஓபோ, கிளாரினெட்டுகள், யாழ் ஆகியவற்றோடு இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட நரம்பிசை நால்வர் குழுவும் இதில் இடம்பெறுகின்றன. நான்கு பாடல்களும் ஊர்ப் பெயர்களைக் கொண்டவை.

- மதராஸ்: வடமொழிக் கவி பர்த்ருஹரியின் காதற்கவிதை.
- லாகூர்: ஜெர்மானியக் கவிஞர் ஹைனேயின் கவிதை. வடக்கில் பனி மூடி நிற்கும் ஒற்றை மரம் கீழைநாட்டுப் பனைமரத்தைக் கனவு காண்கிறது.
- பனாரஸ்: புத்தரின் பிறப்பைக் கூறும் தொன்மம்.
- ஜெய்ப்பூர்: பர்த்ருஹரியின் மற்றொரு காதற்கவிதை.

இந்திய இசையின் தாக்கம்

அக்காலத்தில் ஐரோப்பிய இசையமைப்பாளர் பலர் கீழைநாடுகளைக் கற்பனையாகவே இசைத்தனர். தெலாழ் இந்தியக் கலைஞர்களின் இசைத்தட்டுகளைக் கூர்ந்து கேட்டார். 'லாகூர்' பாடலின் செல்லோ பகுதி, இம்தாத் கானின் சுர்பஹார் இசைத்தட்டைப் பின்பற்றியது. செல்லோ கலைஞர் வில்லை விட்டு விரலால் மீட்டி, தந்தியில் விரலை வழுக்கி, கமகம் போன்ற ஒலியை எழுப்புகிறார். பாடகி சொற்களை விட்டு, வாய் மூடிய நிலையில் குரலை மட்டும் அசைக்கும் பகுதியும் உண்டு.

அரங்கேற்றம்

1914 ஜனவரி 14 அன்று பாரிஸில் இது முதன்முறையாக நிகழ்த்தப்பட்டது. ரோஸ் ஃபேயார் பாடினார். ராவெலின் மல்லார்மே பாடல்களும் ஸ்த்ராவின்ஸ்கியின் ஜப்பானியப் பாடல்களும் அதே நிகழ்ச்சியில் இடம்பெற்றன.

தமிழ்த் தொடர்பு

தெலாழின் மற்றொரு படைப்பான 'ராகமாலிகா' தமிழோடு நேரடித் தொடர்புடையது. கோயம்புத்தூர் தாயி (1872–1917) இசைத்தட்டில் பாடிய வள்ளலார் பாடலே அதன் மூலம். தமிழ்ச் சொற்களை அப்படியே வைத்துக் குரலுக்கும் பியானோவுக்கும் தெலாழ் அதை எழுதினார். தோற்கருவியின் ஒலி வேண்டி, பியானோவின் ஒரு சுரத்துக்குரிய தந்திகளின் அடியில் அட்டைத் துண்டு வைக்கச் சொன்னார்.

முக்கியத்துவம்

கருவியின் உள்ளே பொருள்களை வைத்து ஒலியை மாற்றும் 'தயார் செய்யப்பட்ட பியானோ' முறை, பின்னாளில் அமெரிக்கரான ஜான் கேஜால் புகழ்பெற்றது. அதன் முன்னோடிகளுள் ஒன்றாக 'ராகமாலிகா' குறிப்பிடப்படுகிறது. அந்தப் புதுமைக்குத் தூண்டுகோலாக அமைந்தது தேவதாசி மரபில் வந்த ஒரு தமிழ்ப் பாடகியின் குரல். ஆகவே இப்படைப்புகளின் வரலாற்றில், இயற்றியவர் பெயரோடு இம்தாத் கான், தாயி ஆகியோரின் பெயர்களும் சேர்த்தே எண்ணத்தக்கவை.