கணினி மாறட்டும், கணக்கு மாறக்கூடாது



நாள்வழியும் பேரேடும் எழுதிய காலத்தில் நம் கணக்குக்கு இருந்த எதிரிகள் செல்லும் மழைத்தண்ணீரும்தான். இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எத்தனையோ கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் கணினி உட்கார்ந்துவிட்டது. பில், சரக்கு இருப்பு, கடன் பாக்கி, ஜி.எஸ்.டி. எல்லாம் அதற்குள்தான். அந்தக் கணினியை இயக்கும் விண்டோஸையே மாற்றவேண்டிய கட்டாயம் இப்போது நம்மில் பலருக்கு வந்திருக்கிறது.

2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 14-10-2025 அன்று நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்ட தனிநபர் கணினிகளுக்கு 13-10-2026 வரை நீட்டிப்பு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எக்ஸ்.பி.க்கு 2014-லும் விண்டோஸ் 7-க்கு 2020-லும் இதே கதைதான் நடந்தது.

"நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்றவேண்டும்?" என்று கேட்போர் உண்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. கேரளத்தில் வயநாடு மாவட்டப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் அதில் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வெளிவந்திருந்தது. அதைப் போடாத கணினிகளே மாட்டிக்கொண்டன. திருத்தமே வராத கணினி, ஷட்டருக்குப் பூட்டு இல்லாத கடையைப் போன்றது.

2014-ல் எக்ஸ்.பி. நின்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய அதற்கு விலை கிடையாது. நமக்கும் ஆசை வரும். ஆனால் நம் கணக்கு சாஃப்ட்வேர்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. விலையில்லாத இயங்குதளத்தில் பில் போட முடியாவிட்டால் என்ன லாபம்?

விண்டோஸ் 11-க்குப் போனாலும் சிக்கல்கள் உண்டு. ஒன்று, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பை அது கேட்கும். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சிப்புகளில் பெரும்பாலானவற்றை ஏற்காது. இரண்டு, அது 64-பிட் வகையில் மட்டுமே வருகிறது. பழைய டாஸ் பில்லிங் புரோகிராம்கள் அதில் நேரடியாக ஓடா. டாஸ்பாக்ஸ் போன்ற இலவச சாஃப்ட்வேருக்குள் வைத்துச் சிலவற்றை ஓட்டலாம். மூன்று, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் எடை மெஷினும் செருகும் பழைய போர்ட்டுகள் புதிய கணினிகள் பலவற்றில் இல்லை. யு.எஸ்.பி. மாற்றுக் கேபிள் வாங்கினால், விண்டோஸ் 11-ல் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்கவேண்டும். நான்கு, சரக்குப் பெயர்களைப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் துவரம்பருப்பு புரியாத கிறுக்கலாகத் தெரியும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுவிட்டது. பெயர்ப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நிரந்தர வழி.

இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அம்பத்தூரில் நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையே சாட்சி. விண்டோஸ் மாற்ற வந்தவர் டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டார். பென் டிரைவில் பேக்கப் இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். திறந்தால் ஒரு வருடத்துக்கு முந்தைய கணக்கு! இடைப்பட்ட காலக் கடன் பாக்கி முழுவதையும் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த பில்களைக் கேட்டு வாங்கித்தான் திரும்ப எழுதினார்கள். பலர் நாணயமாகக் கொண்டுவந்து காட்டினார்கள். பில்லைத் தொலைத்தவர்களிடம் என்ன கேட்பது?

ஆகவே வரிசையாகச் செய்யவேண்டும். முதலில் சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம், நம்மிடம் உள்ள பதிப்பு விண்டோஸ் 11-ல் ஓடுமா என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு இரண்டு பேக்கப் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். அதை வேறொரு கணினியில் திறந்து, மூன்று பார்ட்டிகளின் பாக்கியைச் சரிபாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல. புதிய பதிப்புக்கு மாற்றிய கணக்கைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. எனவே மாற்றுவதற்கு முந்தைய நகலைத் தனியே வைத்திருங்கள்.

நாளையும் பார்த்துச் செய்யுங்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடுவோர் 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ம் தேதி 3பி முடித்த பிறகு தொடங்கலாம். தீபாவளி, பொங்கல், மார்ச் முடிவு வேண்டவே வேண்டாம். முதல் பத்து நாள் பில் புத்தகமும் கையருகே இருக்கட்டும்.

பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்கவேண்டும். இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிட்டுப் பழைய கணக்கைப் பார்ப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். முக்கியமான பேரேடுகளைக் காகிதத்திலும் அச்சிட்டுக்கொள்வது நல்லது.

ஒரே சாஃப்ட்வேர் வைத்திருக்கும் கடைக்காரர்கள் ஒன்றுகூடி, முதலில் ஒரு கணினியில் மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு மற்றவர்கள் தொடரலாம். அதற்குத்தானே சங்கம்! கணினி போனால் வாங்கிக்கொள்ளலாம். பாக்கிக் கணக்கு போனால் முதலும் போகும், பல வருட உறவும் போகும்.