வாத்தியாருக்குப் பாடம் சொல்வது யார்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் படப்பையைக் கடப்பவர்கள், ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களை, பொழுது புலருமுன்பே வரிசையாகக் காணலாம். திரௌபதி அம்மன் உற்சவத்தில் பாரதக் கூத்து ஆடும் காஞ்சிபுரம் வட்டாரத்துக் கிராமங்களில், முன்னிரவு கழிந்து தொடங்கிய கூத்து கலைவதும் ஏறக்குறைய அதே வேளையில்தான். இரவெல்லாம் கண்விழித்துக் கூத்துப் பார்த்தவன் அந்த பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போக இயலாது. பஸ்ஸுக்குப் போகவேண்டியவன் கூத்துப் பார்க்க இயலாது. ஊரில் கலை சொல்லிக்கொடுப்பவருக்குத் தனியாக ஒரு பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு விடை தேடுவோர், இந்தச் சங்கடத்திலிருந்தே தொடங்கலாம்.

ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் தலைவரை வாத்தியார் என்று அழைப்பது வழக்கம். அவர் உபாத்தியாயர் தொழிலுக்கென்று எங்கும் பயின்றவர் அல்லர். சிறுவனாக ஜமாவில் சேர்ந்து, பின்பாட்டுக்காரர் அருகில் அமர்ந்து கேட்டுக் கேட்டுப் பாட்டைப் பாடம் செய்து, முதலில் சிறு வேஷங்களும் பின்னர்த் துரியோதனன், கர்ணன் போன்ற, மர அணிகலன் பூணும் கட்டை வேஷங்களும் ஏற்று, பல பருவங்கள் ஊர் ஊராக அலைந்த பிறகே அவருக்கு அந்தப் பட்டம் வாய்க்கிறது. அந்தச் சம்பிரதாயத்தில் கற்பித்தல் என்று தனியாக ஒரு காரியம் இல்லை. வித்தையை ஊட்டியது காலம். அதே வாத்தியாரின் முன் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரத்துக்கு முப்பது குழந்தைகளை உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லும்போது, பழைய முறையின் உயிராக இருந்த காலம் அவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. ஆடத் தெரிந்தவருக்கு ஆட்டத்தைப் பகுத்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை; அவை இரண்டும் இரு வேறு வித்தைகள்.

கர்நாடக சங்கீத உலகம் இந்த வேற்றுமையை வெகு முன்பே உணர்ந்துவிட்டது. சென்னை மியூசிக் அகாடமி தோன்றிய மூன்றே ஆண்டுகளில், 1931-ல், இசையாசிரியர்களைப் பயிற்றுவதற்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கியது. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல் தலைவராக அமர்ந்தார். பல மாவட்டங்களில் அரசு நிறுவிய இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழும் பாடமாக வகுக்கப்பட்டன. காஞ்சிபுரத்திலும் அத்தகைய பள்ளி ஒன்று உண்டு. அந்த ஏழில் கூத்துக்கு இடமில்லை.

பள்ளி ஆசிரியர்களுக்குக் கலையறிவு ஊட்டும் ஏற்பாடுகளும் இல்லாமல் இல்லை. சி.சி.ஆர்.டி. எனப்படும் மத்திய அரசு நிறுவனம், 1979 முதல், பணியிலுள்ள ஆசிரியர்களை வரவழைத்துக் கல்வியையும் பண்பாட்டையும் இணைக்கும் வகையைப் பயிற்றி வருகிறது. ஆயினும் இது பாதி வழியே ஆகும். ஆசிரியருக்குக் கலையைக் கற்பிக்க ஒரு வாயில் திறந்திருக்கிறது. கலைஞருக்குக் கற்பிக்கும் வித்தையைக் கற்பிக்கும் வாயிலோ அரிதாகவே காணப்படுகிறது.

அந்த அரிய முயற்சிகளுள் ஒன்று படப்பைக்குத் தொலைவில் இல்லாத இடத்திலேயே நிகழ்ந்தது. தந்தையின் ஜமாவில் சிறுவயதிலேயே வேஷம் கட்டத் தொடங்கிய பெருங்கட்டூர் பொ. ராஜகோபாலும் சக கலைஞர்களும் 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். தெருக்கூத்து என்ற பெயரைவிட, நடிகர்கள் அணியும் மர அணிகலன்களாகிய கட்டைகளால் வந்த பெயரே இக்கலைக்குப் பொருத்தம் என்பது அவர் கொள்கை. 2002-ல் அவரும் அவர் துணைவியார், நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தை நடத்தத் தொடங்கினர். கூத்துக்குப் போன பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்ற பழைய குறையை நீக்க, பள்ளிப் படிப்பும் கூத்துப் பயிற்சியும் அங்கு ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டன. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலையில் சிறுமிகளும் சேர்க்கப்பட்டனர். விளைவாக, வாத்தியார் தம் முறையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பாடத்தை நாளுக்கு இவ்வளவு என்று வகுக்கவும், பிள்ளைகள் நடிப்பதற்கேற்ற புதிய கூத்துகளை எழுதவும் அவர் முற்பட்டார். அந்தக் குருகுலம் 2020-ல் முடிவுற்றபோதிலும், அதன் அனுபவம் பயன்படாமற் போய்விடலாகாது.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்த உதாரணம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கென நடந்த டிப்ளோமாப் படிப்பை முடித்துத் திரும்பி, 1978-ல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். ஓர் ஆசிரியர் பெற்ற பயிற்சி, ஓர் ஊரின் அரங்கையே வளர்க்கும் வித்தாயிற்று.

படப்பை போன்ற இடத்தில் அத்தகைய பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்? உச்ச ஸ்தாயியில் பாடும் கூத்துப் பாட்டை இளங்குரலுக்கு ஏற்பத் தணித்துச் சொல்லிக்கொடுப்பது. அடவு, பாட்டு, வசனம் ஆகியவற்றைத் தனித்தனியே பயிற்றி, முழுமை சிதையாமல் மீண்டும் இணைப்பது. பிழைப்புத் தேடி வந்த வடமாநிலத்துத் தொழிலாளியின் குழந்தையைத் தமிழ் வசனம் தெரியவில்லை என்று தள்ளாமல் தாளத்தின் வழியே சேர்த்துக்கொள்வது. ஒரே வகுப்பில் இருக்கும் ஆறு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது. இவையெல்லாம் அவசியமானவை. இவற்றை மேடையறியாத வல்லுநர் ஒருவர் உபந்நியாசமாகச் சொல்வதைவிட, ஒரு வாத்தியார் வகுப்பு நடத்த, மற்ற வாத்தியார்கள் உடனிருந்து கவனித்து, முடிவில் கூடிப் பேசுவதே மிகுந்த பிரயோஜனம் தரும். அது ஜமாவில் அவர்கள் கற்ற முறைக்கும் அன்னியமானதன்று.

இன்னுமொன்று, சிறியதாகத் தோன்றினாலும் முதன்மையானது. பள்ளி விடுமுறையை எண்ணிக் கோடையில் பயிற்சி வைத்தால், பங்குனி முதல் ஆனி வரை இரவுதோறும் மேடையில் நிற்கும் வாத்தியார் வர மாட்டார். பயிற்சிக்கு வந்தால் அவர் கூலியை இழப்பார். கூத்து ஓய்ந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களே அவருக்கு உகந்தவை. தொழிற்சாலை தன் ஷிப்டு நேரத்தை எண்ணியே பஸ் அனுப்புகிறது. கலைஞருக்குப் பயிற்சி அளிக்க முற்படுவோரும் கூத்தின் பஞ்சாங்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு நாள் குறிப்பது நலம்.