முகம் பார்த்துக் கேட்க வேண்டும் என்ற தீர்ப்பு

ரெக்ஸ்டேலில் என்னிடம் வரிப் படிவம் நிரப்ப வருகிறவர்களில் பலருக்கு, தங்கள் அகதிக் கேஸ் ஹியரிங் நடந்த திகதி இன்னும் மனப்பாடம். அந்த ஹியரிங் எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

முன்பெல்லாம் குடிவரவு அதிகாரி எழுதிய வாக்குமூலம் ஒட்டாவா போகும். முகம் பாராமலே முடிவு வரும். சீக்கியர்களும் கயானாக்காரர் ஒருவருமாக ஏழு பேர் வழக்குப் போட்டார்கள். 1985 ஏப்ரல் 4 இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆறு நீதியரசர்களுக்கும் முடிவு ஒன்றுதான். காரணத்தில் மூன்றுக்கு மூன்று. ஒரு பாதி 1960 உரிமைச் சட்டத்தைப் பிடித்தது. மறுபாதிக்காக எழுதிய பேர்தா வில்சன், 1982 சாசனத்தின் 7ஆம் பிரிவிலுள்ள ‘எல்லோரும்’ என்ற சொல்லைப் பிடித்தார்: கனடிய மண்ணில் நிற்கும் எவரும் அதற்குள் அடக்கம். செலவு, சிரமம் என்ற அரசின் வாதம் எடுபடவில்லை. (கணக்காளனான எனக்கு இது கொஞ்சம் உறைத்தது.)

வில்சன் ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறியவர். அங்கே முதற் பெண் நீதியரசர். சாசனம் வருவதற்குச் சற்று முன், பியர் ட்ரூடோ தெரிவுசெய்தவர். இன்றும் தெரிவு பிரதமர் கையில்தான்; 2016 முதல் ஆலோசனைச் சபையொன்று பெயர்கள் கொடுக்கிறது. நியமித்தபின் 75 வயது வரை அசைப்பது இலகுவல்ல. ஊரில், திவிநெகும சட்டமூலத்துக்குக் குறுக்கே தீர்ப்புச் சொன்ன பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் நீக்கப்பட்டார்.

தீர்ப்பின் விளைவாக 1989 இல் குடிவரவு அகதிகள் சபை வந்தது. என்னுடைய ஹியரிங்கும் அங்கேதான். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினேன். எதிரே இருந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.