பாம்பு பிடிக்கவும் அவர்கள்தான்... திருட்டுப் பழிக்கும் அவர்கள்தானா?

மாமல்லபுரத்தை நெருங்கும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறது வடநெம்மேலி. 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இங்குதான் இருக்கிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் போன்றவற்றை இருளர்கள் பிடித்துவந்து, மண்பானையில் வைத்து, விஷம் எடுத்த பிறகு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசிமருந்துக்கு இந்த விஷம்தான் மூலப்பொருள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இத்தனை உயிர்களைக் காக்கும் சமூகத்தின் மீதுதான், ஊரில் நகை காணாமல் போனால் முதல் சந்தேகம் விழுகிறது.

படமும் நிஜமும்

2021 நவம்பர் 2-ல் வெளியான 'ஜெய் பீம்' படம் சொன்னது இதைத்தான். வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிக்க அழைக்கப்படும் இருளர் இளைஞர் மீது, அந்த வீட்டு நகையைத் திருடியதாகப் பழி விழும். கதைக்கு அடிப்படை 1993-ல் கடலூர்ப் பகுதியில் போலீஸ் காவலில் இறந்த ராஜாக்கண்ணுவின் வழக்கு. நிஜத்தில் அவர் குறவர் சமூகத்தவர். 'தப்பி ஓடிவிட்டார்' என்றது போலீஸ். கணவரைத் தேடிய மனைவிக்காக வழக்கறிஞர் கே.சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அதன் பிறகே உண்மை வெளிவந்தது. குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

பிறப்பை வைத்தே ஒருவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் பழக்கத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது, 1871-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம். 1952-ல் அது ரத்தானது. சந்தேகம் மட்டும் ரத்தாகவில்லை.

பேசவைத்த வீடியோ

'ஜெய் பீம்' வெளியான அதே சமயத்தில்தான் மாமல்லபுரமும் செய்தியில் அடிபட்டது. கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தங்களை விரட்டியதாகப் பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய வீடியோ பரவியது. அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவருடன் அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதல்வர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கினார். போலீஸ் சொல்வதையே செய்தியாகப் படித்துப் பழகியவர்கள், அன்று பாதிக்கப்பட்டவரின் குரலையே நேரில் கேட்டார்கள்.

சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதை அம்பலப்படுத்திய பத்திரிகையாளர் சுகன்யா சாந்தாவின் வழக்கில், 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறைப் பதிவேட்டில் சாதிக்கான இடத்தை நீக்கச் சொன்னது. சீர்மரபினரை இஷ்டத்துக்குக் கைது செய்யக் கூடாது என்று போலீஸுக்கும் உத்தரவிட்டது.

தெரிந்து வைத்திருங்கள்

* கைதானால் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினர் அல்லது நண்பருக்குத் தகவல் தர வேண்டும்.
* நேரம், தேதியுடன் சாட்சி கையெழுத்திட்ட கைதுக் குறிப்பு அவசியம்.
* பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.
* வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும்.

பக்கத்துத் தெருவில் யாரையாவது விசாரணைக்கு அழைத்துப் போனால், அந்த வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.