எல்லோர்க்கும் ஏற்ற அழகிய இல்லம்
ஸ்காண்டிநேவிய நாடுகள் தரும் படிப்பினை

டென்மார்க் என்றதும் கூட்டுறவாளர்களாகிய நமக்குப் பால்பண்ணைகளே நினைவுக்கு வரும். 1882-ஆம் ஆண்டில் அந்நாட்டு விவசாயிகள் கூடி நிறுவிய முதல் கூட்டுறவுப் பால்பண்ணையைப் பற்றிக் கூட்டுறவுப் பயிற்சி பெற்றோர் பலரும் படித்திருப்பர். ஆனால், அதே நாட்டின் கூட்டுறவு இயக்கம் அங்கத்தினர்களின் வீடுகளுக்கென நாற்காலியும் மேஜையும் அமைத்துக் கொடுத்த வரலாற்றை நம்மில் அறிந்தோர் சிலரே. இன்று நகரத்துக் கடைகளில் 'ஸ்காண்டிநேவிய பாணி' என்ற பெயரில் விலையுயர்ந்த சாமான்கள் விற்கப்படுகின்றன. அப்பாணி எக்காரணத்தால் தோன்றியது, அதில் நாம் கொள்ளத் தக்கது எது, தள்ளத் தக்கது எது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இருண்ட நாடும் வெளிர் நிறமும்

ஸ்வீடன், டென்மார்க், நார்வே ஆகிய மூன்று நாடுகளும் ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ளன. அண்டை நாடாகிய பின்லாந்தையும் வீட்டமைப்பு விஷயத்தில் இவற்றோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். ஸ்டாக்ஹோம் நகரில் டிசம்பர் மாதத்தில் பகற்பொழுது ஏறக்குறைய ஆறு மணி நேரமே. குளிர் மிகுதியால் மக்கள் நெடுநேரம் வீட்டினுள்ளேயே வாழ வேண்டும். ஆகவே, கிடைக்கும் சிறிதளவு வெளிச்சத்தையும் வீணாக்காதவாறு சுவர்களுக்கு வெண்மை பூசினர். சன்னல்களில் மெல்லிய திரைகளை இட்டனர். தங்கள் காடுகளில் வளரும் பிர்ச், பைன் முதலிய வெளிர் நிற மரங்களைக் கொண்டு சாமான்கள் செய்தனர். இன்று 'பாணி' எனப் போற்றப்படுவது, அன்று தேவையை ஒட்டிப் பிறந்த ஏற்பாடே.

விளக்கையும் அவர்கள் இவ்வாறே ஆராய்ந்தனர். டென்மார்க்கைச் சேர்ந்த பௌல் ஹென்னிங்சன் 1920-களில் மூன்று அடுக்கு மறைப்புகள் கொண்ட ஒரு விளக்கை அமைத்தார். பல்பு கண்ணில் நேரே படாது; ஒளி மட்டும் மேஜைமீது இதமாகப் பரவும். கூரையின் நடுவே கண் கூசும் ஒரே விளக்கைத் தொங்கவிடுவதினும், வேலை நடக்கும் இடத்தில் தாழ்வாகச் சிறு விளக்குகளை அமைப்பதே நலம் என்பது அவர்கள் கண்ட முறை.

அழகு யாருக்கு?

ஸ்வீடனில் எல்லென் கேய் என்ற பெண்மணி 1899-இல் 'அழகு எல்லோர்க்கும்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். ஏழையின் வீட்டிலும் அழகு குடியிருக்க முடியும் என்பதே அவர் கொள்கை. 1919-இல் கிரெகோர் பால்சன் 'அன்றாடப் பொருள்கள் மேலும் அழகாக' என்னும் முழக்கத்தைத் தலைப்பாகக் கொண்டு எழுதினார். ஓவியர் காரல் லார்சனின் இல்லமும் பலருக்கு முன்மாதிரியாக விளங்கியது. அவ்வில்லத்தின் விரிப்புகளையும் திரைகளையும் வடிவமைத்துத் தறியிலும் ஊசியிலும் உருவாக்கியவர் அவர் மனைவி காரின் என்பதை நெசவாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கொள்கை நன்று, நடைமுறையில் இடறியது. 1917-இல் ஸ்டாக்ஹோமில் தொழிலாளர் வீடுகளுக்கேற்ற சாமான்களின் பொருட்காட்சி நடைபெற்றது. குஸ்தாவ்ஸ்பெர்க் பீங்கான் தொழிற்சாலைக்காக வில்ஹெல்ம் கோகெ வரைந்த, தொழிலாளர் குடும்பத்துக்கான உணவுப் பாத்திரத் தொகுதியும் அதில் இடம் பெற்றது. அதனைத் தொழிலாளரினும் படித்த நடுத்தர வகுப்பினரே விரும்பி வாங்கினர். மக்களுக்கென்று ஒரு பொருளைச் செய்தால் மட்டும் போதாது; மக்களின் விருப்பமும் வாங்கும் சக்தியும் அறிந்து செய்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கூட்டுறவு ஆற்றிய பணி

இக்குறையை நீக்கக் கூட்டுறவு இயக்கம் முன்வந்தது. 1899-இல் தோன்றிய ஸ்வீடன் நாட்டுக் கூட்டுறவுச் சம்மேளனம், 1937-இல் அதே குஸ்தாவ்ஸ்பெர்க் தொழிற்சாலையை விலைக்கு வாங்கியது. 1923-இல் ஏற்பட்ட வீட்டு வசதிக் கூட்டுறவு அமைப்போ, அங்கத்தினர்களின் சேமிப்பைக் கொண்டு வசதியான குடியிருப்புகளை எழுப்பிற்று.

டென்மார்க்கில் நுகர்வோர் சங்கங்களின் மத்திய மொத்தக் கொள்முதல் நிறுவனம் 1942-இல் மரச்சாமான் வடிவமைப்புப் பிரிவொன்றைத் தொடங்கி, பெர்கெ மோகென்சன் என்பாரைத் தலைவராக்கியது. அவருடைய ஆசிரியர் கோரெ கிளிண்ட், மனித உடலையும் வீட்டுப் பொருள்களையும் அளந்து பார்த்த பின்னரே வடிவம் வரைய வேண்டும் எனக் கற்பித்தவர். மாணவரும் அவ்வழியே நின்றார். மடித்த சட்டையின் அகலம் எவ்வளவு, தட்டுகளை அடுக்க எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கணக்கிட்டு அலமாரிகளை அமைத்தார்.

1947-இல் அவர் அமைத்த எளிய நாற்காலி 'மக்கள் நாற்காலி' எனப் பெயர் பெற்றது. நேரான மரக்கால்கள், சற்றே வளைந்த முதுகுச் சட்டம், முறுக்கிய காகிதக் கயிற்றால் கையால் பின்னிய இருக்கை. செதுக்கு வேலை ஏதும் இல்லை. மரமும் உழைப்பும் சிக்கனமானதால் சாமானியர் வாங்க இயன்றது. அதே நாற்காலி இன்று உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது! வடிவம் நிலைத்தது, அதனைப் பிறப்பித்த நோக்கம் விலகிவிட்டது.

எவ்வீட்டிற்கும் பொருந்தும் முறைகள்

நம் நாட்டில் வெயிலுக்குக் குறைவில்லை. அவர்கள் ஒளியை வரவேற்கின்றனர். நாமோ அதனை மட்டுப்படுத்தி நிழலைத் தேடுகிறோம். ஆதலால் வெண்சுவரையும் திரையற்ற பெரிய சன்னலையும் அப்படியே பின்பற்றுவது பொருத்தமன்று. வடிவத்தை விடுத்து, அதன் காரணத்தைப் பின்பற்றுவதே அறிவுடைமை. அவ்வகையில் பின்வருவன எவ்வீட்டிற்கும் பொருந்தும்.

முதலாவது, வாங்கும் முன் அளத்தல். வீட்டில் உள்ளோர் எத்தனை பேர், எங்கே உண்கின்றனர், எங்கே படுக்கின்றனர், பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர் என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப வாங்க வேண்டும். பாயில் அமர்ந்து உண்ணும் குடும்பத்திற்கு எட்டு நாற்காலி மேஜை இடத்தை அடைப்பதன்றி வேறு பயன் தராது.

இரண்டாவது, நடமாடும் இடத்தைக் காலியாக விடுதல். உபயோகமற்ற பொருள் ஒன்று வெளியேறினால் சிறிய அறையும் விசாலமாகும்.

மூன்றாவது, பொருளின் இயல்பை மறைக்காதிருத்தல். மரம் மரமாகவும், கோரை கோரையாகவும், பருத்தி பருத்தியாகவும் தோன்றட்டும். அருகில் கிடைப்பதே பழுது பார்க்கவும் எளிது.

நான்காவது, பழையதை மீண்டும் பயன்படுத்தல். ஸ்வீடன் நாட்டுக் கிராம மக்கள் கிழிந்த உடைகளைக் கீற்றுகளாக்கி, அவற்றையே ஊடையாகக் கொண்டு தரைவிரிப்பு நெய்தனர். வறுமையில் தோன்றிய அவ்விரிப்பு இன்றும் அவர்கள் வீடுகளில் மதிப்போடு கிடக்கிறது.

நெசவாளர் சங்கங்களுக்கு

அறை எளிமையாகும்போது கண் தேடிச் செல்வது துணியையே. சுவரும் மரமும் அமைதியாக உள்ள வீட்டில், கரையிட்ட ஒரு ஜமக்காளமோ கட்டம் போட்ட ஒரு படுக்கை விரிப்போ அறை முழுவதற்கும் உயிரூட்டும். ஆகவே, எளிய வீட்டமைப்பு பரவுவது கைத்தறிக்கு நஷ்டமன்று, வாய்ப்பே. ஆனால், அவ்வாய்ப்பு தானாக நம் வாசலுக்கு வந்து நிற்காது.

கிளிண்ட் வகுத்த அளவு முறையை நாமும் கைக்கொள்ள வேண்டும். கட்டில், மேஜை, சன்னல் ஆகியவற்றின் வழக்கமான அளவுகளைச் சங்கம் எழுதி வைத்து, அதற்கேற்பப் பாவு ஓட்டினால், வாங்குவோர் வெட்டித் தைக்க வேண்டிய சிரமம் இராது. திரையும் விரிப்பும் உறையும் ஒரே நிறத் தொகுதியில் நெய்யப்பட்டால், ஒன்றை வாங்க வந்தவர் மூன்றையும் வாங்கக் கூடும். சாயம் போகாதிருத்தல் இன்றியமையாதது. வெளிர் நிற விரிப்பின்மீது சாயம் கசிந்தால் சங்கத்தின் நற்பெயரே கறைபடும்.

மேலும், நெய்த பொருளை முதலில் அங்கத்தினர்களே தம் வீட்டில் விரித்துப் பார்க்கட்டும். நெய்தவர் வீட்டில் இடம் பெறாத துணியை அயலார் வீட்டிற்குப் பரிந்துரைப்பது எங்ஙனம்? டென்மார்க்கின் மக்கள் நாற்காலி கூட்டுறவு அங்கத்தினரின் வீட்டை எண்ணிப் பிறந்தது. அதன் பிறகே உலகப் புகழ் பெற்றது. அவ்வரிசை முறையை நாம் மறவாதிருப்போமாக. அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதனை விவாதத்திற்கு எடுத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கான துணித் தொகுதியையேனும் மாதிரியாக நெய்து பார்க்க முற்படுமாயின், அதுவே தக்க தொடக்கமாகும்.