பனிக்களமும் இறங்குமிடமும்

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டுக்கு வருபவர், ஏறுவதினும் இறங்குவதே அரிது என்பதை அறிவர். பனி பெய்யாத கொல்லிமலையிலிருந்து பனிச்சறுக்கைப் பற்றிப் பேசத் துணிந்தமைக்கு அதுவே காரணம்.

சறுக்குக் கட்டையிலோ பலகையிலோ ஓரளவு தேர்ந்த மாணவன் அடுத்து நாடுவது, தாவுவதற்கென்றே பனியைக் குவித்து மேடுகள் அமைத்த களத்தை. அவன் கண் மேட்டின் உயரத்திலேயே நிற்கும். காண வேண்டுவதோ இறங்குமிடம். தாவியவன் கீழ்நோக்கிச் சாய்வாக வருகிறான். தரையும் ஏறத்தாழ அதே சாய்வில் இருப்பின், அவன் வேகத்தின் சிறு கூறே தரையை மோதும். எஞ்சியது சறுக்கலாய்த் தொடரும். தரை சமமாயின், கீழ்நோக்கிய வேகம் முழுவதையும் முழங்காலும் முதுகெலும்பும் தாங்க வேண்டும். பள்ளியில் படித்த திசைவேகக் கூறுகள் இங்கே உயிர்காக்க வருகின்றன! ஆதலின் முதன்முறை தாவாது, ஓரமாக மெல்லச் சறுக்கிச் சென்று, இறங்குமிடத்தின் சாய்வையும் நீளத்தையும் பனியின் இறுக்கத்தையும் பார்த்து வருக. காலையில் உறைந்திருந்த பனி நண்பகலில் இளகும், வேகமும் மாறும்.

இயற்கைச் சரிவைத் தேர்வதற்கும் இந்நோக்கே வேண்டும். காஷ்மீரத்துக் குல்மார்க்கில் 1998-இல் தொடங்கிய தொங்குவண்டியின் முதற்கட்டம் கொங்தூரியில் நிற்கிறது. இடைநிலையினர்க்கு ஏற்ற சரிவுகள் அங்கேயே உண்டு. 2005-இல் வந்த இரண்டாம் கட்டமோ அபர்வாட் மலையின் செங்குத்தான, பண்படுத்தாத பனிக்கு ஏற்றிச் செல்கிறது. 2023 பிப்ரவரியில் அம்மலையில் சரிந்த பனி, போலந்து நாட்டவர் இருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று.